தேவை: ஏதுமில்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். தாங்களும் என் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஊர் உணவுக் குழுச் செயலாளர், உங்கள் ஊர்ச் செயலாளருக்கு மகிழ்ச்சியுடன் தெரிவிப்பது: நம் மூன்று ஊர் உணவுப் பகிர்வுத் திட்டம் மாபெரும் வெற்றி!

அதற்கான படிவம், முப்பத்தொரு வருஷம் கிடங்கு மேற்பார்வை பார்த்த நானே போட்டது. ஒரு பக்கம் உபரி, மறுபக்கம் தேவை. ஓர் ஊரில் மிஞ்சுவது இன்னோர் ஊரின் பொதுச் சமையல்கூடத்துக்குப் போகும். மூன்று ஊர்ப் படிவமும் வந்தன. மூன்றிலும் தேவைக்கு நேரே 'ஏதுமில்லை'. பக்கத்து ஊரிடம் போய் இல்லை என்று நிற்பதாவது! எங்களுடையதில் நானே அடிக்கோடும் போட்டேன்.

நேற்று எங்கள் பூசணிக்காய் லாரி உங்கள் வாசலுக்கு வந்ததாம், "எங்களுக்கு ஒரு குறையும் இல்லையே"ன்னு உங்க ஆள் திருப்பி அனுப்பிட்டாராம், ராத்திரிதான் வந்து சேர்ந்தது. சரியான பதில். உங்கள் அரிசி பருப்பு லாரி இங்கே வந்தது, நானும் விடுவேனா, டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாகத் திருப்பிவிட்டேன். மூன்றாவது ஊரின் வெங்காயம் இரண்டு ஊர் வாசலையும் பார்த்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தது. அரிசி லாரி போன நேரம் பார்த்து எங்க கூடத்துச் சமையல்கார அம்மா கரண்டியோட வந்து நிக்கிறாங்க. "செயலாளரே, அடுப்புல தண்ணி கொதிக்குது. இனி உங்க கௌரவத்தைத்தான் கொட்டணும், எத்தனை படி தேறும்?" படிவப்படி நமக்குக் குறையே இல்லைம்மா என்றேன். "அதை வரிசையில நிக்கிறவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க"ன்னாங்க. காட்டினேன். முன்னால் நின்ற பெயின்டர், "நல்லாத்தான் இருக்கு, உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றான். கிண்டல் பிடித்த பயல்.

ஆகவே, மூன்று ஊரிலும் பசி ஒழிந்தது என்று மேலிடத்துக்கு எழுத உங்கள் கையெழுத்தும் வேண்டும். தங்கைக்கு என் ஆசிகள். எல்லா நலமும் பெருகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மேலே உள்ள அத்தனையையும் அடித்துவிடுங்கள். உறையில் போடுமுன் சமையல்கார அம்மா இதை வாங்கிப் படித்தார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "நேத்து எழுபது பேருக்கு மேல வெறும் வயித்தோட போனாங்க. அதுல ஒரு கைக்குழந்தைக்காரி, 'எனக்குப் பசியே இல்லக்கா'ன்னு சிரிச்சுக்கிட்டே போனா. ரெண்டு நாளா சாப்பிடாதவ" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, மாப்பிள்ளை. உங்கள் கூடத்தில் ஒரு வாரமாகக் காயே இல்லை என்று தங்கையும் போனில் சொல்லிவிட்டாள். பூசணிக்காய் லாரியிலேயே இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன், காயை இறக்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் அரிசி இல்லை, பருப்பு இல்லை. அதே லாரியில் ஏற்றி, அடுப்பு மூட்டும் நேரத்துக்குள் அனுப்பிவையுங்கள். கேட்டுவிட்டேன்.