நாலாவது ஆளாக ஒரு சைக்கிள்

மாரண்டஹள்ளி,
ஆடி 9, வெள்ளிக்கிழமை.

பாப்பாரப்பட்டியில் சீரும் சிறப்புமாகத் தக்காளி விற்றுக்கொண்டிருக்கும் மச்சான் தமிழ்மணி அவர்களுக்கு, மாமா முனிராஜ் வணக்கம் கூறி எழுதுவது. ஜெர்மனியிலிருந்து நானும் உங்கள் அக்கா மணிமேகலையும் சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். அங்கு தாங்களும், தங்கச்சி நிர்மலாவும், பிள்ளைகளும், தக்காளியும் நலமாக இருக்கத் தீர்த்தமலை ஈஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன்.

நான்கு நாளாகப் போன் போடுகிறேன். கொல்லையில் இருக்கிற போர் மோட்டாருக்குப் போன் போட்டால் அதுகூட ஒரே ரிங்கில் எடுக்கிறது, தாங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தைக் கட் பண்ண முடியாது பாருங்கள்.

நடந்தது என்ன என்று ஊரெல்லாம் ஒரு மாதிரி பேசுகிறார்களாம். நம் அருள்குமாருக்கு வயது முப்பத்து நான்கு. ஐந்து ஜாதகம் தட்டிப் போய், ஆறாவதாக அரூர்க்காரர் சந்திரமோகன் அவர்களின் பெண் கலைமதி அமைந்தது. பெண்ணுக்கு வேலை சூரிச்சில், பையனுக்கு வேலை மியூனிக்கில். பெண்ணைப் பெற்றவர்கள் சூரிச்சுக்குப் போயிருக்கும் அதே சமயத்தில் நாமும் மியூனிக் போய், அங்கிருந்து ரயிலேறி அவர்கள் வீட்டில் தட்டு மாற்றி உறுதி செய்துவிடுவது என்று பேச்சு. கடைசி நாள் ஆனி 29, ஞாயிறு. மறுநாள் அவர்களுக்கு விமானம், அந்த வாரமே ஆடி பிறக்கிறது. ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாறியாக வேண்டும். சந்திரமோகன் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். "வண்டி லேட்டா வரலாம் சம்பந்தி, மாப்பிள்ளை வூட்டுக்காரங்க லேட்டா வரக்கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட மனிதர். இந்த இடமும் போய்விட்டால் ஏழாவது ஜாதகத்துக்கு நான் எங்கே போவேன்?

தட்டைப் பிடிக்கத் தாய்மாமன் வேண்டும் என்று தங்களுக்கும் சேர்த்து விசா வாங்கினேன். கைரேகை வைக்கத் தங்களைச் சென்னைக்கு அழைத்துப் போனேன். கிளம்ப மூன்று நாள் இருக்கையில் தக்காளி விலை ஏறியது. தாங்கள் சொன்ன வார்த்தை இன்னமும் காதில் நிற்கிறது: "மாமா, விசா மூணு மாசம் இருக்கும்ங்க. தக்காளி மூணு நாள் இருக்குமா?" நாலு பேர் மூன்று பேரானோம். எல்லாக் கேடும் அங்கே ஆரம்பம்.

மியூனிக்கில் அருள் சொன்னான், "நான் ரெண்டு நிமிஷத்துல டிக்கெட் போட்டுடறேம்ப்பா." நான் விடவில்லை. "பொண்ணு பாக்கப் போற டிக்கெட்ட மாப்பிள்ளையே எடுத்தா, பெத்தவங்க எதுக்குடா, லக்கேஜா?" என்றேன். முப்பத்தொரு வருடம் தர்மபுரி, ஓசூர், பெங்களூர் ரூட்டில் கண்டக்டராக டிக்கெட் கிழித்தவன். எல்லை வரைக்கும் டிக்கெட் வாங்கிவிட்டு எல்லை தாண்டி உட்கார்ந்து வருகிறவனை அவன் ஜன்னலைப் பார்க்கிற தினுசிலேயே பிடிப்பேன். எனக்கா ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு டிக்கெட் போடத் தெரியாது என்று நினைத்தேன். தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் ஒரு வெப்சைட்டுக்குள் போனேன். பெயர் சொல்ல மாட்டேன், நாளைக்கு வெளிநாட்டிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால் படித்துச் சொல்ல இங்கே ஆள் இல்லை. அது எல்லை வரைக்கும் விலை சொல்கிறது, அதற்கு மேல் வெறும் கோடு போடுகிறது. அந்தப் பக்கத்து ரயில்காரரைக் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். "ஓசூர் வரைக்கும் டிக்கெட் தர்றேன், அத்திப்பள்ளியில எறங்கி கன்னடக்காரரக் கேட்டுக்குங்க" என்று நான் ஒரு நாள் சொல்லியிருந்தால் பாலக்கோட்டிலேயே என்னை இறக்கிவிட்டு வண்டியை எடுத்திருப்பார்கள். இரண்டாவது வெப்சைட் முழுத் தூரத்துக்கும் கொடுத்தது. ஆனால் சலுகை அட்டை உண்டா என்று கேட்டு நாற்பது அட்டையின் பெயரைக் கீழே தொங்கவிட்டது. வயது என்ன என்று கேட்டது. அறுபத்தாறு என்று போட்டேன், மரியாதைக்குக்கூட ஒரு பைசா குறைக்கவில்லை. எப்படியோ நேர் ரயில் ஒன்றைப் பிடித்தேன். காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு சூரிச். மூன்று பேர். பணம் கட்டு என்றது, கட்டினேன். ஓடிபி அனுப்பியிருக்கிறேன் என்றது.

அனுப்பியது எங்கே? பேங்கில் கொடுத்த என் பழைய நம்பருக்கு. அந்த சிம் எங்கே? உங்கள் அக்கா பங்குக் கொல்லையில், போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள். வீட்டிலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓடவைக்கலாம் என்று அதில் போட்டுவைத்ததே நான்தான், யாரைக் குறை சொல்வது? சூரிச் போகிற டிக்கெட்டுக்கு ரகசிய நம்பர் பாப்பாரப்பட்டியில் ஒரு மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது படித்துக் காட்டுமா? தங்களைக் கூப்பிட்டேன்.

"மாமா, மோட்டார் ஓடிட்டு இருக்குதுங்க. சிம்மக் கழட்டினா நின்னுடும். தண்ணி இப்பத்தான் கடைசிப் பாத்திக்கு எட்டுது, அரை மணி பொறுங்க."

"மச்சான், அது மூணு நிமிஷந்தான் செல்லும்!"

"அப்பத் தண்ணி பாஞ்ச பொறவு இன்னொண்ணு அனுப்பச் சொல்லுங்க."

அனுப்பச் சொன்னேன். இரண்டாவது தடவை தாங்கள் பெட்டியைத் திறந்து, சிம்மைக் கழற்றி, தங்கள் போனில் போட்டு, நம்பர் வந்ததையும் பார்த்துவிட்டீர்கள். பார்த்தவர் நம்பரைச் சொல்லக் கூடாதா?

"எத்தன டிக்கெட்டுங்க மாமா?"

"மூணு. நம்பரச் சொல்லு மச்சான்."

"மூணா? நல்ல காரியத்துக்கு மூணு பேராவா போவாங்க?"

"நீ வராததாலதான் மூணு! நம்பரு!"

"சொல்றேனுங்க. அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

ஸ்பீக்கரில் இருந்தது. அக்கா கேட்டுவிட்டாள். மூன்று நிமிடமும் முடிந்தது.

அதற்கப்புறம் மணிமேகலை மூன்று பேராகக் கிளம்பச் சம்மதிப்பாளா? அருளோடு வேலை பார்க்கும் ஆரோக்கியராஜை அழைத்தோம், அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. நம் பக்கத்தில் செய்வது போல ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாலாவது ஆள் என்று கணக்குக் காட்டலாம் என்றேன். அதற்கு உங்கள் அக்கா கேட்டாள்: "இந்த ஊருல எல்லாத்துக்கும் டிக்கெட் கேக்கறாங்க. டிக்கெட் வாங்காத கல்லு எப்பிடிங்க ஆளாவும்? நீங்க கண்டக்டரு, நீங்களே சொல்லுங்க." டிக்கெட் வாங்கினால்தான் பயணி, இது எங்கள் தொழில் தர்மம்.

வெப்சைட்டில் ஆளைச் சேர்க்கும் இடத்தைத் திறந்து பார்த்தோம். பெரியவர், குழந்தை, நாய், சைக்கிள் என்று இருந்தது. குழந்தையைத் தொடப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளை வூட்டுல ஒரு கொழந்தைக்கு டிக்கெட்டா? அந்த மனுசன் ஸ்டேஷன் மாஸ்டருங்க, பாத்த ஒடனே கண்டுபுடிப்பாரு." நாயை முன்னால் விட்டுச் சம்பந்தம் பேசப் போக எனக்கே மனசில்லை. மீதி சைக்கிள். அருள் வேலைக்குப் போகிற சைக்கிள் வாசலில் நின்றது. "நம்ம வூட்டு சைக்கிள் தானே, அன்னியமா" என்றாள். டிக் அடித்தேன்.

டிக் அடித்த மாத்திரத்தில் நேர் ரயில் மாயமாகிவிட்டது. அந்த ரயிலில் சைக்கிள் வைக்கும் இடமெல்லாம் தீர்ந்துபோயிற்றாம். அதை அது சொல்ல வேண்டுமா இல்லையா? சொல்லவில்லை. நான் டிக்கெட்டே தீர்ந்துவிட்டது என்று பதறி, அடுத்து அது காட்டியதைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது ஓடிபியைத் தாங்கள் ஒழுங்காகச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எதற்குச் சொன்னீர்கள்? நாலு வண்டி மாறி, மதியம் இரண்டே முக்காலுக்குப் போய்ச் சேருகிற டிக்கெட்டுக்கு!

ஞாயிறு காலை சைக்கிள் ஹேண்டில்பாருக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கிளம்பினோம். அருள் பட்டு வேட்டி, நான் வெள்ளை வேட்டி, உங்கள் அக்கா அரக்குப் பட்டு, கேரியரில் தட்டுப் பை. ஸ்டேஷனில் நாலு பேர் எங்களைப் போட்டோ எடுத்தார்கள். முதல் வண்டி ஜெர்மனி எல்லையில் லிண்டாவ் என்ற ஊரில் விட்டது. அடுத்த வண்டி ஏறின சற்று நேரத்தில் அருள் போனில் 'ஆஸ்திரியாவுக்கு நல்வரவு' என்று வந்தது. ஆஸ்திரியாவில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஜெர்மனியிலிருந்து சுவிட்சர்லாந்து போக நடுவில் இன்னொரு நாட்டைச் செருகி வைத்திருக்கிறார்கள், டிக்கெட்டில் அதை எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

அங்கேதான் டிக்கெட் பரிசோதகர் அம்மாள் வந்தார். எங்கள் மூன்று பேர் டிக்கெட்டையும் பார்த்துத் தலையாட்டினார். நாலாவதைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார். அருளிடம் என்னமோ சொன்னார்.

"என்னடா சொல்றாங்க?"

"நமக்கு சூரிச் வரைக்கும் டிக்கெட் இருக்குதாம்ப்பா. சைக்கிளுக்கு ஜெர்மனி எல்லை வரைக்குந்தான் இருக்குதாம்."

மச்சான், அந்த நிமிடம் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எல்லை தாண்டி டிக்கெட் இல்லாமல் வந்தவர்களை எத்தனை பேரை நான் இறக்கிவிட்டிருப்பேன்! அத்தனை பேரும் என் முன்னால் வரிசையாக வந்து நின்று சிரித்தது போல இருந்தது. நானும் அறியாமல் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் நல்லவர், அபராதம் போடவில்லை. பிரெகென்ஸ் என்ற ஊரில் இறங்கி மெஷினில் டிக்கெட் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் வரச் சொன்னார். "சைக்கிள இங்கியே பூட்டிட்டுப் போலாம்ப்பா" என்று அருள் கெஞ்சினான். "நாலு பேராக் கெளம்பிட்டு வழியில ஒருத்தர விட்டுட்டுப் போறதா? அது மூணு பேராக் கெளம்பறத விட மோசம்" என்று அவன் அம்மா முடித்துவிட்டாள். மெஷின் மூன்று தடவை என் நோட்டை நாக்கு நீட்டித் திருப்பிக் கொடுத்தது. ஒரு வண்டி போயிற்று. அடுத்ததைப் பிடித்தும், மேற்கொண்டு மாற வேண்டிய இடத்தில் லிஃப்டுக்குக் காத்திருந்ததில் இன்னொன்று போயிற்று.

சூரிச்சில் இறங்கும்போது மணி நாலு ஐந்து. பெண் வீடு மூன்று கிலோமீட்டர். டாக்ஸிக்கு நீளமான வரிசை நிற்கிறது. உங்கள் அக்கா கண் கலங்கிவிட்டாள். சைக்கிளைப் பார்த்தேன்.

"அருளு, வேட்டிய மடிச்சுக் கட்டுடா. தட்ட எடுத்துக்கிட்டு மிதி."

"அவன் ஒத்த ஆளாவா போவான்?" என்றாள் மணிமேகலை.

"ஒத்த ஆளு இல்ல, சைக்கிளோட ரெண்டு பேரு. போவட்டும் வுடு!"

போய்விட்டான். நாங்கள் டாக்ஸி பிடித்துப் போய் நின்றபோது மணி நாலு ஐம்பது. வாசலிலேயே சந்திரமோகன். "மாப்பிள்ளை நாலு இருபத்திரண்டுக்கு வந்துட்டாருங்க. நீங்கதான் இருபது நிமிஷம் லேட்டு" என்றார், ராகுகாலம் பிறந்ததிலிருந்து கணக்குப் பண்ணி. பெற்றவர்கள் வரட்டும் என்று அவர் தயங்கியிருக்கிறார். கலைமதிதான் எழுந்து வந்து, "மூணு நாட்டத் தாண்டி இத்தன தூரம் வந்திருக்காரு, தட்ட வாங்குங்கப்பா, மணி ஆவுது" என்று சொல்லியிருக்கிறது. நாலு இருபத்தெட்டுக்குத் தட்டு மாறிவிட்டது. பெண் தங்கமான பெண். அதில் எனக்குக் குறையே இல்லை.

என் குறை வேறு. அந்த நேரத்தில் எடுத்த போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன், நன்றாகப் பாருங்கள். பெண் வீட்டார் ஒரு பக்கம். இந்தப் பக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையோடு என் பிள்ளை. தட்டைத் தொட்டுக்கொண்டு, தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு அவனுடைய சைக்கிள் நிற்கிறது. பெண்ணின் பெரியம்மா அரூரிலிருந்து போனில் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு மாமன் மொறை யாருங்க?" என்று கேட்டாராம். நான் எதைக் காட்டட்டும்?

கல்யாணம் தை மாதம். தக்காளி என்ன விலை விற்றாலும் வந்து அந்த இடத்தில் தாங்கள் நிற்க வேண்டும். நிர்மலாவுக்கு எங்கள் அன்பும், பிள்ளைகளுக்கு ஆசியும், செடிகளுக்குப் பூச்சி விழாதிருக்கப் பிரார்த்தனையும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் தீராத கோபத்துடன்,
மாமா முனிராஜ்.

பி.கு.: இதை எழுதி முடித்ததும் மணிமேகலை வீடியோ காலில் அருளுக்குப் படித்துக் காட்டினாள். அவன் சிரித்துவிட்டு ஒன்று சொன்னான், அன்றைக்கே சொன்னால் என் மனசு சங்கடப்படும் என்று மறைத்துவைத்திருந்தானாம். நான் முதலில் பிடித்த அந்த நேர் ரயில் அன்று பாதி வழியில் மழையில் மரம் விழுந்து நின்றுபோய், அதில் போனவர்கள் இருட்டின பிறகுதான் சூரிச் சேர்ந்தார்களாம். தாங்கள் வந்திருந்தால் நாலு பேரும் அதில்தான் உட்கார்ந்திருப்போம். ஆகவே மச்சான், மேலே உள்ளதில் வணக்கத்தையும் நலம் விசாரிப்பையும் மட்டும் எடுத்துக்கொள்ளவும். நடுவில் இருப்பதைப் படிக்காமல் விட்டுவிடவும்.