பேர் இருந்தால்தான் பால்மா

உலகத்தில் எந்த மூலையில் குண்டு விழுந்தாலும், முதல் அடி எங்கள் ஊர் லுணுகலையில் பெரட்டு அண்ணனுக்குத்தான். அடுத்த அடி எங்களுக்கு.

தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைப் பெரட்டு என்போம். இருபது வருஷம் கங்காணியாக இருந்து பெரட்டு கூப்பிட்டவர், வேலையை விட்டதும் டவுனில் பலசரக்குக் கடை போட்டார். தொண்டை மட்டும் வேலையை விடவில்லை.

எங்கேயோ சண்டை என்று டீவியில் ஒரு கப்பல் எரிவதைக் காட்டினார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கே அண்ணன் கடை வாசலில் வரிசைக்குக் கயிறு கட்டிவிட்டார். கோதுமை மா, சீனி, பருப்பு எதுவானாலும் ஆளுக்கு ஒன்று. பேர் கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். தவறினால் அன்றைக்கு வீட்டில் ரொட்டி கிடையாது. ஒருநாள் இருமல் வந்து, பள்ளிக்கூட வாத்தியாரான நான் கையை மட்டும் தூக்கினேன்.

"கை பேசாது மாஸ்டர். நாளைக்கு வாங்க."

மற்றக் கடைகளில் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. அண்ணன் ஒரு சதம் கூட்டவில்லை. அதனால் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டு அம்மாகூட வரிசையில் நின்று பள்ளிப் பிள்ளை மாதிரிக் குரல் கொடுத்தார்.

பட்டியலில் ஒரு பேருக்கு மட்டும் பதில் வராது. "எஸ்தர்!" என்று கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்ப்பார். அவர் மனைவி. இறந்து இரண்டு வருஷம்.

"அந்தப் பேர வெட்டிருங்கண்ணே" என்று யாராவது சொன்னால், "ஏன், ஒன் பங்கயா குடுக்கிறேன்?" என்று பாய்வார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு மகள் பிறந்தாள். தாய்க்குக் கடும் காய்ச்சல், பால் இல்லை. வீட்டு டின்னில் ஒருநாளைக்குத்தான் பால்மா இருந்தது. பண்டாரவளை வரை அலைந்தேன், எங்கும் இல்லை. அண்ணன் கடையில் ஒரே ஒரு டின்.

"கொழந்த மா, கொழந்த பேருக்குத்தான். புள்ள பேரு?"

"இன்னும் வைக்கலண்ணே. ஃபாதர் வர ரெண்டு வாரமாகும்."

ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழும் முன் பேரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டளை.

"பேர் இல்லாத ஆளுக்கு எப்படி மாஸ்டர் பெரட்டு கூப்பிடுறது?"

"பாப்பான்னு போடுங்க."

"பாப்பான்னா பதினோரு வீட்ல அழும்!"

பின்னாலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "அப்ப எனக்குக் குடுங்க. என் பேத்திக்குப் பேர் இருக்கு."

அண்ணனை அடிப்பதா, அவர் காலில் விழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் பட்டியலைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"எஸ்தர்!"

இந்தமுறை அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"என்னா மாஸ்டர், புள்ளைக்குத்தான் பேச வராது. ஒங்களுக்குமா?"

"இருக்கேன்" என்றேன். டின் கைக்கு வந்தது.

அவரை எத்தனை நாள் மனசுக்குள் திட்டியிருப்பேன்! நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஃபாதர் பேர் கேட்டார். முன்பே தேர்ந்து வைத்திருந்த பேரை விட்டுவிட்டு, என் மனைவி முந்திக்கொண்டு "எஸ்தர்" என்றாள்.

ஞானத்தகப்பனாகப் பக்கத்தில் நின்ற பெரட்டு அண்ணன், அந்தப் பெரிய தொண்டையை அடக்கிக்கொண்டு, "இருக்கா" என்றார்.