பல்லாரி அண்ணனின் நேரடி வர்ணனை

பல்லாரி அண்ணன் மைக்கைப் பிடித்த நாளிலிருந்து எங்கள் ஊர்க் கால்பந்து அணி ஒரு ஆட்டத்திலும் தோற்றதில்லை. தோற்றதெல்லாம் மைதானத்தில் மட்டும்தான்.

அண்ணன் தொழில் வெங்காய வியாபாரம். பரளச்சிப் பக்கத்து ஊர்களில் குட்டியானை வண்டியில் பல்லாரி என்கிற பெரிய வெங்காயமும் சின்ன வெங்காயமும் ஏற்றிக்கொண்டு, கூரையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் கூவி விற்பார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். ஆட்டம் உள்ள நாளில் வண்டி நேராக வறண்ட கண்மாய்க்குள் இறங்கிவிடும். அதுதான் எங்கள் மைதானம். எனக்கு இடம் சின்ன வெங்காய மூட்டையின் மேல். பள்ளிக்கூட நாளில் நானும் அணியில் இருந்தவன். பந்துக்குக் காற்றடிக்கும் பொறுப்பு. அந்த மரியாதை.

எதிரணி கோல் போட்டால் அண்ணன் குரல் செய்தி வாசிப்பவர் குரலாகிவிடும். "ஒரு கோல் விழுந்ததா தகவலுங்கம்மா. இன்னும் உறுதியாகல." நடுவர் எங்களுக்கு எதிராக ஊதினால், "நடுவருக்குக் காலைலேர்ந்து வவுத்துவலி போல." எங்கள் கோல் வாசலில் நாங்கள் உயிருக்குப் போராடும்போது, "நம்ம பயலுக ஓய்வா வெளாடுறாக."

ஒருமுறை எதிரணித் தலைவன் வண்டிக்கே வந்துவிட்டான். "அண்ணே, ரெண்டு கோல் போட்டுருக்கோம். ஒண்ணையாச்சும் சொல்லுங்க."

"வண்டிக்கு டீசல் ஊத்துறது நானு தம்பி. உங்க கோல உங்க மைக்குல சொல்லிக்கங்க."

இப்படிப்பட்டவருக்குப் பாளையம்பட்டியோடு நடந்த அரையிறுதியில் சோதனை வந்தது. ஜெயித்தால் அருப்புக்கோட்டையில் இறுதி ஆட்டம். ஆளுக்கு ஒரு கோல், பிறகு பெனால்டி. பதற்றத்தில் அண்ணனுக்குப் பொய்யே வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தார். அதுவே எங்களுக்குப் பெரிய கிலி.

கடைசி உதை செல்வத்துக்கு. அடித்தால் சமன், விட்டால் வீட்டுக்கு. மில் வேலைக்குப் போகிற, அதிர்ந்து பேசாத பிள்ளை. அவன் அம்மா பேச்சியம்மாள் மைதானத்துக்கு வரமாட்டாள். மகன் கீழே விழுந்தால் தாங்காது. கண்மாய்க்கரை வீட்டு வாசலில் உட்கார்ந்து அண்ணனின் மைக்கைக் கேட்பாள்.

எங்கள் ஊரில் தோல்வி பொதுச்சொத்து அல்ல. யாராவது ஒருவர் பெயரில் பட்டா போட்டுவிடுவார்கள். சில வருஷம் முன்பு முனியசாமி பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே, ஒசக்க அடித்தான். அவன் கல்யாண பிளக்ஸிலேயே 'ஒசக்க முனியசாமி' என்றுதான் போட்டார்கள். பெண் வீட்டார் ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

செல்வம் ஓடிவந்தான். உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே எழும்பி, கரையைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் போய் விழுந்தது. எதிரணி கீப்பர் நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. செல்வம் அப்படியே உட்கார்ந்து, பனியனை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"ஏலே செல்வம்..." என்று என் பின்னால் மாரி ஆரம்பித்தான். அடுத்து வரவிருந்த வார்த்தையை இந்தப் பத்திரிகை அச்சிடாது. அதற்குள் குழாய் இருமியது.

"அடடடா! என்னா புடி! நம்ம செல்வம் அடிச்சது சரியான அடிங்கம்மா. பாளையம்பட்டி கீப்பரு பறந்து போயிப் புடிச்சுட்டாக! புலிங்கம்மா, புலி! இப்பிடிப் புடிச்சா ஆரு என்ன செய்ய முடியும்?"

எதிரணி ஆள் ஒருவரை அண்ணன் 'அவுக' என்று மரியாதையாகப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். கீப்பர் தன் வெறுங்கைகளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, கூட்டத்தைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார்.

மாரி கரை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஆமாலே... நல்ல புடிதான்."

"கையி நீளம்ல அவருக்கு," என்றது இன்னொரு குரல்.

யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினோம். செல்வத்தின் முகம் மெல்லப் பனியனுக்கு வெளியே வந்தது.

நான் அண்ணன் காதருகே குனிந்தேன். "அண்ணே, பந்து கருவேலங்காட்டுக்குள்ள கெடக்கு."

மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "கெடக்கட்டும் தம்பி. முள்ளுல மாட்டுனதப் பெறவு எடுத்துக்கலாம். அங்கிட்டு அந்தம்மா கேட்டுக்கிட்டு இருக்கும்ல."

செல்வம் இன்றும் வெறும் செல்வம்தான். டீக்கடையில் அந்த அரையிறுதிப் பேச்சு வந்தால் என்னிடமும் கேட்பார்கள். கீப்பர் இடப்பக்கம் பாய்ந்தார், விரல் நுனியில்தான் பட்டது, என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பேன்.