வாடகை வீட்டுக்கு இன்டி பேரு

ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் நகரியில் அம்மை நோயிடம் தப்பித்தவர்கள் உண்டு, போலீஸிடம் தப்பித்தவர்களும் உண்டு. இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்துவிட்டு அர்ஜென்ட் அண்ணனிடம் தப்பித்தவர் மட்டும் ஒருவர்கூடக் கிடையாது.

மண்டல ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுப்பவர். நில அளவையோ, நாய்த் தொல்லையோ, எந்த மனுவானாலும் தலையில் சிவப்பு மையால் ‘அர்ஜென்ட்’ என்று எழுதுவார். அதுவே பேராகிவிட்டது. நிஜப் பேரைச் சொல்ல அவருக்கு நேரமில்லை, கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

தெருவுக்கு ஒருவர் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போகத் தொடங்கியிருந்த காலம் அது. இன்டர் பரீட்சை முடிந்ததும் மனிதருக்குக் கால் தரையில் பாவாது. மனுக்களை அப்படியே போட்டுவிட்டு ஜூனியர் காலேஜ் கேட்டில் நின்று, வருமானச் சான்று வாங்கினாயா, சாதிச் சான்று வாங்கினாயா என்று வழிமறிப்பார். தாத்தாவுக்குக் கொள்ளிச்சட்டி தூக்கிப் போன பையன் ஒருவனோடு சுடுகாடுவரை நடந்து, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எத்தனை இருக்கிறது என்று விசாரித்தார். இரண்டு என்றான். நான்கு வேண்டும் என்றதும், அதுவரை அழாத பையன் அழுதான்.

ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்ப மேஜை கிடையாது. பிள்ளையின் அப்பாவைக் குனியச் சொல்லி, அவர் முதுகில் ஃபாரத்தை வைத்து எழுதுவார். எங்கள் ஊர் அப்பாக்கள் தறிக்காரர்கள், குனிவதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்குத் திருப்பதியில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. பி.சி. ஸ்காலர்ஷிப் வந்தால் படிப்பு, வராவிட்டால் மறுநாளிலிருந்தே தறிக் கொட்டகையில் நூல் சுற்றும் வேலை. நைனா, என் அப்பா, முதலாளியிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

ஃபாரத்தின் முதல் கட்டத்தில் ‘இன்டி பேரு’ என்றிருந்தது. சொல்லுக்குச் சொல் ‘வீட்டுப் பேர்’; தெலுங்குக்காரர்களுக்குப் பேருக்கு முன்னால் வரும் குடும்பப் பேர் அது. தமிழர்களான எங்களுக்கு இருந்தது ஓர் இனிஷியல்தான். அண்ணன் நைனாவின் முதுகைத் தட்டினார்.

“இன்டி பேரு இன்னாணா?”

நைனா குனிந்தபடியே யோசித்தார். “ஊட்டுக்குப் பேர்லாம் வெக்கிலபா. வாடக ஊடு. ஊட்டுக்காரரு பேரு கிருஷ்ணா ரெட்டி.”

அண்ணனுக்குக் கடைசிச் சொல் மட்டும் கேட்டது. இடது கையால் அடுத்த அப்பாவைக் குனியவைத்துக்கொண்டே, வலது கையால் எழுதி முடித்தார்.

பத்தாம் நாள் சித்தூர் ஆபீஸிலிருந்து ஃபாரம் திரும்பி வந்தது. ரெட்டி வீட்டுப் பெண்ணுக்கு நெசவாளர் சாதிச் சான்று எப்படி வந்தது என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அன்றுதான் கடைசி நாள், ஐந்து மணிவரைதான் நேரம். நைனாவால் தறியை நிறுத்த முடியாது. அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் டிரைவருக்குப் பக்கத்தில் நின்று, அவர் ஹாரன் அடிக்க மறந்த இடங்களை ஞாபகப்படுத்தினார். புத்தூரில் டிரைவர் அவரை இறக்கிவிடப் பார்த்தார்.

ஆபீஸை அடைந்தபோது ஐந்தாகப் பத்து நிமிடம். குமாஸ்தா நிதானமானவர். திருத்தத்துக்குக் குடும்பத்துப் பெரியவர்தான் கையெழுத்திட வேண்டும் என்றார். நீங்கள் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆக வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார்.

“பாபாயி,” என்றார் அண்ணன். சித்தப்பா. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

சித்தப்பா என்றால் ஒரே குடும்பம், ஒரே இன்டி பேரு. அப்படியானால் உங்கள் இன்டி பேரைச் சொல்லுங்கள் என்று குமாஸ்தா பேனாவைத் திறந்தார்.

ஊரையெல்லாம் அந்தக் கேள்வி கேட்டவரை முதல்முறையாக ஒருவர் கேட்டுவிட்டார். அவரும் எங்களைப்போல இனிஷியல்காரர்தானே. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அர்ஜெண்டு சார், அர்ஜெண்டு,” என்று கெஞ்சினார்.

குமாஸ்தா தலையாட்டிவிட்டு அதையே இன்டி பேராக எழுதினார். தெலுங்கு எழுத்தில் பார்த்தபோது பரம்பரைப் பேர்போல அம்சமாகத்தான் இருந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டார். ஸ்காலர்ஷிப் வந்தது. அந்தப் பேர் காலேஜ் சர்டிஃபிகேட்டில் ஏறி, அப்படியே பாஸ்போர்ட்டுக்கும் வந்துவிட்டது.

அமெரிக்க விசாவுக்குப் போனபோது ஏஜென்ட் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். இது ஏதோ தப்பாக விழுந்திருக்கிறது மேடம், ஒரு அஃபிடவிட் கொடுத்தால் எடுத்துவிடலாம் என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எங்க சித்தப்பா வெச்ச பேரு சார். அப்படியே இருக்கட்டும்,” என்றேன்.