பிளாப்பிக்கு ஓரத்தையல்

அன்பிலும் கணினி அறிவிலும் குறைவே இல்லாத மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகள் வாலு எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். இங்கே நான் நலம். மற்றவர்களைப் பற்றி விசாரிக்க வேண்டாம், அழுதுவிடுவார்கள்.

அக்கா ராப்பகலாக உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினாளே, மார்பளவு, இடுப்பளவு கொடுத்தால் துணி வீணாகாமல் எப்படி வெட்டுவது என்று சொல்லுமே, அதைப் பார்க்க வெள்ளிக்கிழமை சீருடைக் கம்பெனி மேலாளர் வருகிறார். பிடித்துவிட்டால் அக்காவுக்கு அங்கேயே வேலை. இந்த நேரம் பார்த்து, அப்பாவின் தையல்கடைக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரர் வந்தார். தூங்கும்போதும் கழுத்தில் டேப்போடு தூங்குவதால் அவருக்கு நான் வைத்த பெயர் இஞ்ச் டேப். "ஒரு தடவை பாத்துட்டுத் தர்றேண்ணே" என்று புரோகிராம் இருந்த பிளாப்பியை வாங்கிப் போனவர், அப்பா டீ குடித்து முடிப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் அவர் கடைக் கணினியில் அக்காவின் புரோகிராம் ஜம்மென்று ஓடுகிறது!

"காப்பி அடிச்சுட்டாருப்பா!" என்று அக்கா அலறினாள். "அதான் திருப்பிக் குடுத்துட்டானேம்மா. திருடுனவன் எவனாவது திருப்பிக் குடுப்பானா?" என்றார் அப்பா. இதை அவருக்குப் புரியவைக்க முயன்றதில் அக்காவின் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்பாவிடம் ஊசி வாங்கி, பிளாப்பியின் ஜன்னல் வழியாக உள்ளே இருக்கும் தட்டில் ஓரிடத்தில் மெல்லக் குத்தினாள். அவள் மாற்றி எழுதிய புரோகிராம் முதலில் அந்தக் காயத்தைத் தேடும், இருந்தால்தான் ஓடும். காப்பி எடுத்தால் எழுத்து வரும், காயம் வராது. எவ்வளவு மூளை பாருங்கள்! அதே மூளையோடு பழைய பிரதிகளையெல்லாம் அவளே அழித்தும் விட்டாள்.

ஊசியைத் திருப்பி வாங்கிக்கொண்ட அப்பா யோசிக்க ஆரம்பித்ததை நாங்கள் கவனிக்கவில்லை. தான் தைக்கும் சட்டை என்று அடையாளம் தெரிய, காலருக்கு உள்ளே சிவப்பு நூலில் ஒரு தையல் போடுவாரே, தெரியுமல்லவா? இன்று காலை அக்கா போட்ட சத்தத்தில் நான் கட்டிலிலிருந்து விழுந்தேன். "அடியே வாலு, நீதானே?" எங்கள் வீட்டில் எது நடந்தாலும் முதல் கேள்வி அதுதான். சத்தியமாக நான் இல்லை, மாமா. பிளாப்பியை எடுத்துப் பார்த்தேன். நாலு பக்கமும் இரட்டைத் தையல், நடுவில் பெருக்கல் குறி, எல்லாம் சிவப்பு நூலில், மிஷினில், வளையாமல் நெளியாமல்!

"ஒரு ஓட்டைக்கே அவ்வளவு பாதுகாப்புன்னா இதுக்கு எவ்வளவு? இனி எவனாலயும் காப்பி அடிக்க முடியாது" என்றார் அப்பா பெருமையாக.

"அடிக்க முடியாதுப்பா. ஓட்டவும் முடியாது" என்று சொல்லிவிட்டு அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லவேளை, பட்டன் வைக்கலையே" என்றாள் அம்மா.

இப்போது உலகத்திலேயே உயிரோடு இருக்கும் ஒரே பிரதி இஞ்ச் டேப்பிடம்தான் இருக்கிறது. அப்பா போய்க் கேட்டார். "நான் எங்கண்ணே காப்பி அடிச்சேன்? அப்படிச் சொல்றது பாவம்ணே" என்று அவர் கண் கலங்குகிறார். கொடுத்தால் திருடியது உண்மையாகிவிடுமாம். திருடவே இல்லை என்று சொல்பவரிடம் "தயவுசெய்து திருடியிருங்கள்" என்று எப்படிக் கெஞ்சுவது? ஆகவே மாமா, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீங்கள் வந்து தைத்த பிளாப்பிக்கு ஏதாவது வைத்தியம் பார்க்க வேண்டும். அக்கா சாப்பிடவில்லை. அவள் பங்கையும் நானே சாப்பிட வேண்டியிருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கம். உங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிய வணக்கம்.

இப்படிக்கு,
இந்த ஒருமுறை மட்டும் குற்றமற்ற,
வாலு

பி.கு.: மாமா, நீங்கள் வரவே வேண்டாம்! இஞ்ச் டேப் இப்போதுதான் பின்வாசல் வழியாக வந்து, மடித்த கால்சட்டைக்குள் வைத்து ஒரு பிளாப்பியைக் கொடுத்து, "நானும் குடுக்கல, நீயும் வாங்கல" என்று சொல்லிவிட்டு ஓடினார். போட்டுப் பார்த்தோம், ஓடுகிறது! அக்கா அதற்கு முத்தம் கொடுத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று வெட்டுமேஜை மேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போயிருக்கிறாள். அப்பாவும் "இதையாவது ஜாக்கிரதையா வச்சுக்கணும்" என்று

மாமா, கடையில் மிஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. உடனே புறப்பட்டு வாருங்கள்.