எலிகளுக்கு மரியாதை கொடுத்தவன்

மனிதர்களை ‘வாடா, போடா’ என்றும் எலிகளை ‘வாங்க, போங்க’ என்றும் அழைத்த ஒரே ஆராய்ச்சி மாணவன் இந்தப் பூமியில் கடுக்காய் மட்டும்தான். “கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கோங்க” என்று கெஞ்சித்தான் எலி வாயில் சாறு ஊற்றுவான். அவற்றை அறுக்கிற அன்று மட்டும் சாப்பிட மாட்டான்.

கள்ளக்குறிச்சியில் நான் மருந்துக் கம்பெனி ரெப்பாக அலைந்தபோது இருவரும் ஒரே அறை. நான் ஊரெல்லாம் மாத்திரை விற்றுவிட்டு வந்தால், அறையில் கடுக்காய் கொதித்துக்கொண்டிருக்கும். தலைவலிக்கும் கடுக்காய், காதல் தோல்விக்கும் கடுக்காய்; கடைசியில் அவன் பெயரே அப்படி ஆகிவிட்டது. மலையில் பொறுக்கிய கடுக்காய் மூட்டையோடு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறுவான். “யோவ், மலைய அங்கியே வுட்டுட்டு வரமாட்டியா?” என்பார் கண்டக்டர்.

ஈயம் கலந்த தண்ணீர் குடிக்கும் எலிகளின் சிறுநீரகத்தைக் கடுக்காய்ச் சாறு காப்பாற்றுமா என்பதுதான் அவன் ஆராய்ச்சி. அந்தத் தலைப்பை அவன் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அக்கா புருஷன் ஏழுமலை. ஊருக்கு வெளியே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஷெட்டில் அவருக்கு வேலை. ஈறில் ஈயத்தின் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. டீ கிளாஸைத் தூக்கினால் மணிக்கட்டு தொங்கிவிடும்.

சாறு குடித்த எலிகளுக்குச் சேதம் குறைவு என்று தெரிந்த அன்று கடுக்காய் கட்டில்மேல் ஏறிக் குதித்தான். கட்டில் உடைந்தது. அது என் கட்டில்.

சேதி கேட்டு ஏழுமலை அறைக்கே வந்துவிட்டார்.

“மச்சான், எலிக்குக் குடுத்தியே, அத்த எனக்கும் குடு. குடிச்சிட்டு நான்பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கினு இருப்பேன்.”

“மாமா, எலி குடிச்சதே கொஞ்சம் ஈயம். நீங்க வருசக்கணக்கா முழுங்கிக்கினு கீறீங்க. மொதல்ல வேலைய வுடுங்க.”

“வேலைய வுட்டா வூட்ல அடுப்பு எரியுமா?”

கடுக்காய் கொடுக்கவில்லை. ஆனால் கடுக்காய் என்ன, கிடைக்காத பொருளா? ஏழுமலை தானே கொதிக்கவைத்தார். ஷெட்டில் எல்லோருக்கும் சொன்னார். முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வாசலிலேயே ஒரு அண்டா நிறையச் சாறு வைத்தார். “குடிச்சிட்டு உள்ள போங்கப்பா. ஒண்ணும் ஆவாது.”

விஷயம் தெரிந்ததும் கடுக்காய் ஓடிப்போய் அந்த அண்டாவை எட்டி உதைத்தான். “இது மருந்து இல்லடா! உள்ள போவாதீங்கடா!” என்று கத்தினான். சட்டை கிழிய, உதடு வீங்க அறைக்கு வந்தான்.

“யாருடா அடிச்சது?”

“எல்லாருந்தான். எலிக்கு மருந்துன்னு சொன்னவனே மனுசனுக்கு இல்லன்னா அடிக்காம இன்னா பண்ணுவாங்க?”

சிரித்தான். உதடு வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அதன் பிறகு ஏழுமலைக்கு வயிற்று வலி, அப்புறம் வலிப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்திருந்தன. வீட்டுக்குத் திரும்பி வந்தது உடல்தான். பந்தலில் அத்தனை பேர் முன்னாலும் அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“எலிக்குக் குடுத்தான்! எம் புருசனுக்குக் குடுக்கலியே!”

 அறைக்கு வந்த பிறகு கடுக்காய் சுவரைப் பார்த்துச் சொன்னான்: “தானே காய்ச்சிக் குடிச்சும் மாமா பொழைக்கல, நான் குடுத்திருந்தாலும் பொழச்சிருக்க மாட்டாரு. இத்த அவகிட்ட எப்டி சொல்றது?”

சொல்லவே இல்லை. அவள் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டான். ஆராய்ச்சிக் கட்டுரையை அப்படியே போட்டுவிட்டு ஷெட் வாசலில் போய் நின்றான். ரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று ஒவ்வொருவராகக் கெஞ்சினான். ‘வாங்க’ என்றுதான் கூப்பிட்டான். பெரும்பாலோர் முறைத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து, மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனார். அன்று கடுக்காய் என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதான்.

எனக்கு மாற்றலாகி இப்போது வேறு ஊர். புது அறைத் தோழர் நல்லவர், அமைதியானவர், அறையும் சுத்தமாக இருக்கிறது. இருந்தும் சாயங்காலம் கதவைத் திறக்கும்போது அந்தக் கசப்பு வாடை வராதா என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.