கோத்திரம் தெரியும், நம்பர் தெரியாது

உ

மயிலாப்பூர், சென்னை - 4
சாதாரண வருஷம் ஆவணி மாதம், சனிக்கிழமை

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் நல்லசிவம் விழுந்து கும்பிட்டு எழுதிக்கொண்டது. இந்தத் தடவை நிஜமாகவே விழுந்தேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றபடி நானும் சண்முகவடிவும் நல்ல சுகம். பாளையங்கோட்டையில் நீங்களும் அக்காவும் மணப்பெண் தங்கமும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டும்போது ரத்தம் என்று வருகிற இடத்தில் நிறுத்திவிடாமல் ஒரே மூச்சில் தாண்டிப் படிக்கவும். அது ரத்தமே இல்லை.

தாய்மாமன் பட்டு இன்னும் வந்து சேரவில்லையே, வாங்கினாயா இல்லையா என்று காட்டமாக ஒரு கார்டு போட்டிருந்தீர்கள். கோபம் நியாயம்தான். மாப்பிள்ளை வீட்டார் கண்முன்னே தாம்பாளத்தில் தாய்மாமன் பட்டு இல்லாமல் போனால் அக்கா எப்படித் தலை நிமிர்வாள்? எனக்கு இருப்பது ஒரே அக்கா, ஒரே மருமகள். அக்கா சொன்னபடியே மாம்பழக் கலரில் அரக்குக் கரை வைத்த பட்டுச்சேலையை, பனகல் பார்க் பக்கம் நம் ஊர்க்காரர் கடையில், அவர்கள் கடையையே என் முன்னால் புரட்டிப் போட்ட பிறகு எடுத்தேன். பொட்டலத்தை சைக்கிள் கேரியரில் செருகிக்கொண்டு, தேனாம்பேட்டை தாண்டி ஆழ்வார்பேட்டை நோக்கி, பட்டு கசங்கக் கூடாதே என்று பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போகிறவனைப் போலத்தான் மிதித்தேன். பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. ஓரமாக ஒதுங்கினேன். ஹார்னும் என்கூடவே ஒதுங்கியது. அப்புறம் நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். தலையைத் தூக்கிப் பார்த்தால் வெளிர் நீலத்தில் ஒரு புத்தம் புது ஃபியட் கார், இன்னும் ஹார்ன் அடித்துக்கொண்டே, நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. பொட்டலத்தைக் காணவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. என் வேட்டியில் இருந்த சிவப்பைப் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் கத்துகிறார்கள். எனக்கானால் முழங்காலில் சிராய்ப்பைத் தவிர வேறு எங்கும் வலிக்கவில்லை, வலிக்காமலே இவ்வளவு ரத்தமா என்று நானே ஆச்சரியப்பட்டேன். எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் இனாயத் என்பவர் ஓடி வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்து சோடா கொடுத்தார். "பொட்டலம் எங்கேப்பா?" என்றேன். "பொட்டலமா? அது பறந்து போய் காரு ஜன்னலுக்குள்ளயே பூந்துச்சு நைனா. நீ உயிரோட கீறியே, அத்தப் பாரு" என்றார். எட்டு மாதிரி வளைந்து போயிருந்த பின் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினார். நல்ல மனிதர்.

வீட்டில் வடிவு என்னைப் பார்த்ததும் போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. வேட்டியைத் துடைக்க ஈரத்துணியோடு வந்தவள் திடீரென்று கூச்சலை நிறுத்தி மோந்து பார்த்தாள். "என்னங்க இது, ரெத்தம் மணக்குமா? குங்குமமும் சந்தனமும்லா! பூசை போட்டுட்டு வந்த காருதான் உங்கள இடிச்சிருக்கு" என்றாள். அடுத்த மூச்சிலேயே, அவனைப் பிடித்து ஜெயிலில் போட்டுவிட்டுத்தான் மறு வேலை என்றும் சேலை இல்லாமல் பாளையங்கோட்டை பக்கமே தலை வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். எனக்கு அந்த அளவு கோபம் வரவில்லை அத்தான், அது என்னவோ தெரியவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு வந்த சூட்டோடு ஒருத்தனை இடித்துத் தள்ளிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறானே, இவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான், முகம் எப்படி இருக்கும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பானா என்றுதான் மண்டையைக் குடைந்தது. சேலை போனதற்காகத் தேடினேனா, அவன் முகத்தைப் பார்ப்பதற்காகத் தேடினேனா என்று கேட்டால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், பாதிப் பாதி.

நான் விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், கார் வாங்கினால் பூஜை போடுகிற ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. மறுநாள் அங்கே போய்க் குருக்களைப் பிடித்தேன். நீல ஃபியட் என்றதுமே அவருக்கு மூச்சு வாங்கியது. "அதை ஏன் கேக்கறேள்! சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழத்தை வெச்சு, மெதுவா ஏத்தி இறக்குங்கோன்னேன். வண்டி கோயில் வாசலையே தாண்டிப் போயிடுத்து. கற்பூரத் தட்டை வெச்சுண்டு நான் பின்னாடியே ஓடறேன், நிக்கவே இல்லை. ஏதோ அவசரம் போலிருக்குன்னு திரும்பி வந்துட்டேன்." வண்டி நம்பர் என்ன என்று கேட்டேன். "நம்பரை யார் பார்த்தா? அர்ச்சனைக்கு நம்பர் கேக்கற வழக்கம் இல்லையே" என்றார். ஆனால் பெயர் ராஜகோபாலன், பாரத்வாஜ கோத்திரம், உத்திராட நட்சத்திரம், மகர ராசி, அடையாற்றுப் பக்கம் என்று ஜாதகத்தையே மனப்பாடமாக ஒப்பித்தார்.

இது போதுமே என்று நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே எழுதுகிற ஏட்டய்யா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வண்டி நம்பர் இன்னா?" என்றார். "நம்பர் தெரியாதுங்க. கோத்திரம் தெரியும்" என்றேன். பேனா அப்படியே நின்றது. நான் தயங்காமல் பாரத்வாஜம், உத்திராடம், மகரம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஐயே, பெர்சு, நீ கேசு குடுக்க வந்துகிறியா, பொண்ணு குடுக்க வந்துகிறியா?" என்று கேட்டார். ஸ்டேஷன் முழுக்கச் சிரித்தது, லாக்கப்பில் இருந்தவன் உட்பட. பிறகு ஏட்டய்யாவே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தானும் மகர ராசிதான் என்றும், இப்போது நேரம் சரியில்லாததால் தான் சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போவதாகவும் சொல்லி, நம்பரோடு வரச் சொல்லி அனுப்பிவைத்தார்.

அதற்குள் இனாயத் சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை அதை மிதித்துக்கொண்டே அடையாறு போனேன். இவ்வளவு பெரிய ஊரில் ஒரு ராஜகோபாலனை எங்கே தேடுவது என்ற மலைப்போடு ஒரு டீக்கடையில் விசாரித்தால், "புச்சா நீல காரா? பெசன்ட் நகர் பீச்சாண்ட மணல்ல வுட்டாரே, அந்தப் புரொபசரா? நாங்கதான் நைனா மொத்தப் பேரும் போய்த் தள்ளினோம்" என்று கையைப் பிடித்துத் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள்.

வாசலில் கார் ஒன்று தலையோடு கால் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு, ஜுரம் வந்த பிள்ளையைப் போல நின்றது. நான் சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒல்லியாக ஒரு மனிதர் வந்தார். என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டுவிட்டார். "உயிரோட இருக்கேளா! நெஜமாவே இருக்கேளா! அன்னிக்கு சாயங்காலமே பஸ் பிடிச்சு அங்க போனேன், இடத்துல யாரும் இல்லை. ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை எனக்கு." கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கெமிஸ்ட்ரி புரொபசராம். நான் வழியெல்லாம் கட்டிக்கொண்டு வந்த வசனம் அத்தனையும் மறந்து போய், "ஏன் சார் நிறுத்தவில்லை?" என்று மட்டும்தான் கேட்க வந்தது.

அவர் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டு, என்னைக் காருக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய் ரகசியமாகச் சொன்னார். "பெயர் பதிஞ்சு வெச்சு வருஷக்கணக்கா காத்துண்டிருந்து வந்த வண்டி சார் இது. டிரைவிங் ஸ்கூல் போய் முறையாக் கத்துண்டேன். ஸ்டியரிங், கிளட்ச், கியர், ஹார்ன் எல்லாத்துலயும் வாத்தியார் என்னை மெச்சினார். நிறுத்தணும்னு நான் நெனைச்சாலே வண்டி நின்னுடும். எனக்கு அப்படி ஒரு கை ராசின்னு நெனைச்சேன். பக்கத்துல உக்காந்திண்டு அந்த மனுஷன்தான் காலால பிரேக் போட்டிருக்கார், அவர் பக்கமும் ஒண்ணு வெச்சிருக்கா சார்! லைசென்ஸ் டெஸ்டுலயும் அவர்தான் பக்கத்துல. இந்த வண்டியில அவர் இல்லை. நிறுத்தணும்னு நெனைச்சுண்டே அடையாறு பாலம் தாண்டிட்டேன். மணல்தான் சார் என்னை நிறுத்தித்து."

அத்தான், உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கு வந்தது, அடக்கிக்கொண்டேன். என்னை இடித்துவிட்டு ஓடியவன் என்று இரண்டு நாளாக நான் மனசில் வரைந்து வைத்திருந்த மீசைக்காரன் எங்கேயோ போய்விட்டான். "சரி சார், காருக்குள்ளே ஒரு பட்டுச்சேலை வந்து விழுந்ததா?" என்றேன். புரொபசர் குரலை இன்னும் தாழ்த்தினார். "விழுந்தது. ஆனா ஆத்துல அதைப் பத்திக் கேக்காதீங்கோ. நான் ஒருத்தரை இடிச்சதே அவளுக்குத் தெரியாது" என்று சொல்லி முடிப்பதற்குள், அவர் மனைவி சூடாமணி மாமி காபியோடு வந்துவிட்டார். வந்தது யாரென்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு நாளாக வருகிறவர்கள் எல்லாருக்கும் சொன்ன கதையை எனக்கும் ஆரம்பித்தார். "புது வண்டியாச்சே, பயந்துண்டு கண்ணை மூடிண்டு 'அம்மா தாயே'ன்னு அம்பாளை நெனைச்சுண்டேன். எலுமிச்சம்பழத்து மேல ஏறின மாதிரி ஒரு தூக்கல். கண்ணைத் தொறந்தா மடியில பட்டுப் பொடவை! நாளைக்கு வெள்ளிக்கிழமை, கோயில்ல அவளுக்கே சாத்திடறதா வேண்டிண்டிருக்கேன்" என்று பூஜை அறையைக் காட்டினார்.

அம்பாள் படத்துக்கு முன்னால், பூவும் பொட்டுமாக, நம் மாம்பழக் கலர்! ஒரு ஓரத்தில் கடைப் பெயர் அச்சடித்த காகிதம்கூட மடித்து வைத்திருந்தது. நான் மெல்ல, "மாமி, இதில் தியாகராய நகர்க் கடைப் பெயர் இருக்கிறதே" என்றேன். "ஏன், அம்பாள் மட்டும் நல்ல கடையாப் பார்த்து வாங்கமாட்டாளா?" என்றார் மாமி.

புரொபசரைப் பார்த்தேன். அவர் கும்பிடாத குறையாகக் கண்ணால் கெஞ்சினார். சும்மா எழுந்து போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், ஒரு குடும்பத்தில் கலகம் பண்ண எனக்கு என்ன உரிமை? விடிந்தால் சேலை கோயிலுக்குப் போய்விடும், அப்புறம் அதைக் கேட்கவும் முடியாது. வெறும் தாம்பாளத்தோடு அக்கா சபையில் நிற்பது கண்முன்னே வந்தது. "மாமி, இது என் அக்கா மகள் தங்கத்துக்கு நான் எடுத்த தாய்மாமன் பட்டு. என் சைக்கிளிலிருந்து பறந்து வந்தது" என்று சொல்லிவிட்டேன். மாமி என் முழங்காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் மாமி ஒரு தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, கதம்பம் எல்லாம் வைத்து, அதன்மேல் சேலையை வைத்து என்னிடம் நீட்டினார். "அம்பாளுக்கு நான் வேற எடுத்துக்கறேன். கல்யாணப் பொண்ணு கட்டிண்டா அம்பாளே கட்டிண்ட மாதிரிதான். உங்க தங்கம் தீர்க்க சுமங்கலியா இருக்கட்டும்" என்றார். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் உள்ள வாங்கோ" என்றார். நான் நிற்கவில்லை. அடையாறு பாலத்தின் மேல் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு, சைக்கிளை ஒரு கையால் தள்ளிக்கொண்டு அழுதுகொண்டே வந்தேன் அத்தான். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஆகவே கவலை வேண்டாம். சேலைக்கு ஒரு நூல்கூடக் கலையவில்லை, இப்போது பீரோவில் இருக்கிறது. வடிவு அந்த மனிதரை ஜெயிலில் போடாதது பற்றி மட்டும் இன்னும் முணுமுணுக்கிறாள். ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, எந்த ஆபத்தும் இல்லாமல் பட்டோடு உங்கள் வாசலில் வந்து நிற்போம். அக்காவுக்கு என் நமஸ்காரம். தங்கத்துக்கு மாமனின் ஆசீர்வாதம், பதினாறும் பெற்று நிறைவாக வாழட்டும். உங்கள் கோபம் தணிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு,

தங்கள் அன்புள்ள
நல்லசிவம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது தெருவில் ஹார்ன் சத்தம். புரொபசரும் மாமியும் என் முழங்காலை விசாரிக்கக் காரிலேயே வந்துவிட்டார்கள். பிரேக் இப்போது நன்றாக வருகிறதாம். எங்கள் வாசலில் நிற்க வேண்டிய கார் நாலு வீடு தள்ளித்தான் நின்றது, ஆனால் நின்றது. மாமியும் வடிவும் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் பேசினார்கள். வெளியே வந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. மாமனை இடித்த கார்தான் மாமனையும் பட்டையும் கல்யாணத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுதான் பரிகாரம் என்று மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ரயில்ல கூட்டத்துல பட்டை எவ கசக்கிக்கிட்டுப் போவா?" என்று வடிவு ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க ஆள் அனுப்பிவிட்டாள், இப்போது பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறாள். நான் பயப்படக் கூடாது என்று புரொபசர், டிரைவிங் ஸ்கூல் காரில் இருக்கிற மாதிரியே, பக்கத்து சீட்டில் எனக்கும் ஒரு பிரேக் பொருத்திக்கொண்டு வந்திருக்கிறார். பாளையங்கோட்டை வரைக்கும் அதை மிதிப்பது என் பொறுப்பாம். எனக்கோ ஆயுசில் கையால் பிடிக்கிற பிரேக் மட்டும்தான் பழக்கம். ஆகையால் அத்தான், வாசல் பந்தலை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடச் சொல்லுங்கள்.